நிக்ஸி குழாய்க்கு ஏற்ற சாக்கெட்

நிக்ஸி குழாய் என்பது நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குமிழ். 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களும் மெல்லிய உலோகத்தில் உருவாக்கப்பட்டு அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இலக்கமும் ஒரு தனிக் கேத்தோடு. அவற்றுக்கு முன்னால் நுண்ணிய கம்பி வலை ஒன்று ஆனோடாக நிற்கும். ஆனோடை மின்வழங்கியின் நேர்முனையிலும், வேண்டிய இலக்கத்தை மட்டும் எதிர்முனையிலும் இணைத்தால், அந்த இலக்கத்தின் மேல் ஆரஞ்சு நிற ஒளி ஒட்டிப் படரும். ரேடியோ வால்வில் இருப்பதுபோல் சூடேறும் இழை இதில் கிடையாது. ஒளிர்வது உலோகம் அல்ல, அதைச் சுற்றியுள்ள வாயு.

பத்து இலக்கங்களுக்குப் பத்து இணைப்பு, ஆனோடுக்கு ஒன்று, தசமப் புள்ளி இருந்தால் அதற்கு இன்னும் ஒன்றோ இரண்டோ. ஆக 11 முதல் 13 கால்கள் கண்ணாடியை ஊடுருவி வெளியே வருகின்றன. இத்தனை கால்களையும் நெருக்கமான வட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று மின்சாரம் கசியாமல் காத்து, குழாயையும் நேராக நிறுத்த வேண்டியது சாக்கெட்டின் வேலை. சாக்கெட் சரியில்லாவிட்டால் நல்ல குழாயும் கெட்டுப்போனதுபோல் தோன்றும். கால் வழியே அழுத்தம் ஏறிக் கண்ணாடி விரிசல் விட்டால் குழாய் உண்மையிலேயே போய்விடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் சாக்கெட்டுக்கு ஏற்றபடி குழாயை வளைப்பது கூடாது. சாக்கெட்டைத்தான் குழாய்க்கு ஏற்றபடி தேர்ந்து, திருத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் இந்தக் குழாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் எரிக்சன் டெலிபோன்ஸ் நிறுவனம் இதே வகைக் குழாயை டிஜிட்ரான் என்ற பெயரில் விற்றது. 1961-இல் வந்த அனிட்டா என்னும் மின்னணு மேசைக் கணிப்பானில் விடைகளைக் காட்டியதும், 1960-களின் ஆய்வகங்களில் அதிர்வெண் எண்ணிகளிலும் டிஜிட்டல் வோல்ட் மீட்டர்களிலும் எண்களைக் காட்டியதும் இக்குழாய்கள்தாம். 1970-களில் எல்.இ.டி. இலக்கங்கள் மலிவானதும் மேற்கு நாடுகளில் உற்பத்தி படிப்படியாக நின்றது. சோவியத் தொழிற்சாலைகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் செய்துவந்தன. இன்று கடிகாரம் செய்ய விரும்புபவர் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் அந்தச் சோவியத் இருப்புகளே: ஐஎன்-12, ஐஎன்-14, ஐஎன்-8, ஐஎன்-16, ஐஎன்-18 போன்றவை. செக் குடியரசில் டாலிபோர் ஃபார்னி என்பவர் 2010-களில் புதிய குழாய்களைக் கையால் செய்யத் தொடங்கினார். அவை விலை மிகுந்தவை. பழைய குழாய்களோ இருக்கிற வரைதான். உடைந்த ஒவ்வொன்றும் உலகக் கையிருப்பில் ஒன்று குறைந்ததாகவே கணக்கு.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு முன்னோடியான கைப்பழக்கம் ஒன்று உண்டு. பெங்களூரு ஜாலஹள்ளியில் 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. தருமபுரி, பென்னாகரம் பக்கம் வீடுகளிலும் டீக்கடைகளிலும் பாடிய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்தவர்கள், 7 கால், 9 கால் சிறு வால்வுகளைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள். வளைந்த காலை நிமிர்த்துவது, தளர்ந்த சாக்கெட்டை ஊசியால் இறுக்குவது, கால்களைத் துடைத்துச் செருகுவது ஆகிய மூன்றும் அவர்களுக்கு அன்றாட வேலை. நிக்ஸி குழாய்க்கும் அதே வேலைதான், கால்கள் மட்டும் கூடுதல். ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஈஎல்84 போன்ற ஒலி வெளியீட்டு வால்வின் ஆனோடு 12 வாட் வரை வெப்பத்தை உமிழும். அந்தச் சூட்டில் பேக்கலைட் சாக்கெட் கருகும் என்பதால் பீங்கான் சாக்கெட்டை நாடுவார்கள். நிக்ஸி குழாயில் சுமார் 140 வோல்ட்டும் 2.5 மில்லி ஆம்பியரும்தான். பெருக்கிப் பார்த்தால் 0.35 வாட். சூட்டுக்காகப் பீங்கான் தேவையில்லை. மின்கசிவைத் தடுப்பதற்காகத் தேவைப்படலாம், அது வேறு கணக்கு.

சாக்கெட்டைத் தேடும் முன் குழாயைக் கையில் எடுத்து அடிப்பாகத்தைப் பார்ப்பது நல்லது. அடிப்பாகத்தைக் கொண்டு நிக்ஸி குழாய்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, விறைப்பான தடித்த கால்கள் உள்ளவை. ஐஎன்-12, ஐஎன்-18, பிலிப்ஸின் இசட்எம்1040 ஆகியவை இந்த வகை. இவை சாக்கெட்டில் செருகுவதற்கென்றே செய்யப்பட்டவை. இரண்டாவது, மெல்லிய வளையும் கம்பிகள் உள்ளவை. ஐஎன்-14, ஐஎன்-8, ஐஎன்-16 இதில் அடங்கும். இவற்றைச் சர்க்யூட் போர்டில் நேராகப் பற்றவைக்கும் எண்ணத்தோடுதான் செய்தார்கள். கம்பிக் கால் குழாய்க்குச் சாக்கெட் வைப்பது பிற்காலத்துக் கைவினைஞர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். 13 கம்பிகளை ஒரே நேரத்தில் ஈயம் உருக்கி எடுப்பது எளிதல்ல, எடுக்கும்போது போர்டும் குழாயும் இரண்டுமே சேதமாகலாம்.

தடித்த கால் குழாய்க்கு முதல் தேர்வு அதற்கென்றே வார்க்கப்பட்ட பழைய சாக்கெட். ஐஎன்-12-க்குச் சோவியத் நாட்டுப் பிஎல்31ஏ-பி என்ற 12 துளைச் சாக்கெட் உண்டு. அதே அடிப்பாகம் உள்ள ஐஎன்-15 குறியீட்டுக் குழாய்க்கும் இதுவே பொருந்தும். இசட்எம்1020, இசட்எம்1040 குழாய்களுக்கு பி13பி எனப்படும் 13 துளைச் சாக்கெட். இவற்றில் துளைகளின் இடைவெளி, கால் தவறிச் செருகாதபடி விட்ட இடம், கவ்விகளின் அசைவு எல்லாம் குழாய் செய்தவர்களே வகுத்தவை. 40 மி.மீ. உயர இலக்கம் காட்டும் ஐஎன்-18-க்கு மூலச் சாக்கெட் எளிதில் கிடைப்பதில்லை. அங்கேதான் மாற்று வழிகள் தேவைப்படுகின்றன.

மூலச் சாக்கெட்டாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, அதன் நடுவில் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். காற்றை வெளியேற்றி வாயுவை நிரப்பிய பின் கண்ணாடியை உருக்கி மூடிய இடம் சிறு மூக்கு போலத் துருத்திக்கொண்டிருக்கும். ஐஎன்-12 போல மேல்முகத்தின் வழியே இலக்கத்தைக் காட்டும் குழாய்களில் அந்த மூக்கு கால்களின் வட்டத்துக்கு நடுவே, அடியில் இருக்கும். போர்டில் அந்த இடத்தில் துளை இல்லையென்றால், குழாயை அழுத்திச் செருகும் விசை முழுவதையும் அந்த மூக்கே தாங்கும். மூக்கின் நுனி மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் காற்று உள்ளே போகும், குழாய் முடிந்தது. புதிதாகப் போர்டு வடிவமைப்பவர்கள் கால்களின் இடத்தைத் துல்லியமாக அளந்துவிட்டு இந்தத் துளையை மறந்துவிடுவது பரவலான தவறு. துளை மூக்கைவிடத் தாராளமாகப் பெரிதாகவே இருக்கட்டும்.

மூலச் சாக்கெட் கிடைக்காதபோது தனித்தனிக் கவ்விகளைப் போர்டில் வட்டமாகப் பதித்துச் சாக்கெட் செய்துகொள்ளலாம். ஹார்வின், மில்-மேக்ஸ் போன்ற நிறுவனங்கள் கடைந்தெடுத்த சிறு குழல் வடிவக் கவ்விகளைச் செய்கின்றன. ஒவ்வொரு குழலுக்குள்ளும் விரல்கள் போன்ற வில் தகடுகள் இருக்கும். இதில் எல்லாமே கால் தடிமனைப் பொறுத்தது. கவ்வி வாங்கும் முன் வெர்னியர் காலிப்பரால் ஒரே குழாயின் பல கால்களை அளந்து, மிகத் தடித்ததையும் மிக மெல்லியதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய குழாய்களின் கால்களில் ஈயப் பூச்சோ துருப் படலமோ இருப்பதால் ஒரே குழாயிலும் அளவு மாறும். கவ்வியின் விவரத் தாளில் அது ஏற்கும் மிகக் குறைந்த விட்டமும் மிகக் கூடிய விட்டமும் இருக்கும். கால் அந்த எல்லையின் நடுவில் விழுந்தால் நல்லது. மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கவ்வியை விட்டுவிட வேண்டும்.

மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போக முடியாதவருக்கு இன்னொரு வழி உண்டு. பழைய கணினிகளில் பிரிண்டரை இணைத்த 25 கால் கேபிளும், மோடத்தை இணைத்த 9 கால் கேபிளும் பென்னாகரம் போன்ற சிற்றூர்களின் கணினிப் பழுதுக் கடைகளில் தேடினால் கிடைக்கக்கூடியவை. அந்த இணைப்பிகளின் பெண் பக்கத்தில் உள்ள கவ்விகள் சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள காலுக்காகச் செய்யப்பட்டவை. சிறு ரேடியோ வால்வுகளின் கால் தடிமனும் கிட்டத்தட்ட அதுவே. எனவே 1 மி.மீ. அளவில் கால் உள்ள நிக்ஸி குழாய்களுக்கு இந்தக் கவ்விகள் நன்றாகப் பொருந்தும். மானிட்டரை இணைக்கும் 15 கால் நீல நிற இணைப்பியும் பார்ப்பதற்கு அதே போல்தான் இருக்கும். ஆனால் அதன் கால்கள் 0.76 மி.மீ. தடிமனே உள்ளவை. அந்தக் கவ்வியில் 1 மி.மீ. காலைத் திணித்தால் விரல்கள் நிரந்தரமாக விரிந்துவிடும், விசை கண்ணாடியில் போய் இறங்கும். கவ்விகளில் கடைந்தெடுத்தது, தகட்டை மடித்துச் செய்தது என்று இரண்டு வகை உண்டு. கடைந்தெடுத்தவையே இந்த வேலைக்கு ஏற்றவை. மடித்த கவ்வியின் பக்கவாட்டில் பிளவு இருப்பதால் பற்றவைக்கும்போது ஈயம் உள்ளே ஊர்ந்து துளையை அடைத்துவிடும்.

கம்பிக் கால் குழாய்களுக்கு, வட்டத் துளையுள்ள கடைசல் வகை ஐ.சி. சாக்கெட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். அது சுமார் அரை மி.மீ. தடிமனுள்ள கம்பியை இறுகப் பிடிக்கும். கம்பி அதைவிடத் தடித்திருந்தால் முதல் முறை செருகும்போது சரியாக இருப்பதுபோல் தோன்றும், கழற்றி மறுபடி செருகும்போது பிடி போயிருக்கும். தட்டையான இரு இலைக் கவ்வி உள்ள மலிவான ஐ.சி. சாக்கெட்டுகள் தட்டைக் கால்களுக்கானவை. உருண்டைக் கம்பியை அவை ஓர் ஓரத்தில் மட்டுமே தொடும்.

கம்பிகளை வெட்டுவதிலும் வளைப்பதிலும் பதற்றம் வேண்டாம். கம்பி கண்ணாடியிலிருந்து வெளிவரும் இடமே குழாயின் மிக மென்மையான பகுதி. உலோகமும் கண்ணாடியும் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும்படி கலவையைத் தேர்ந்து அங்கே இணைத்திருப்பார்கள். அந்த ஒட்டுதல் வளைவைத் தாங்காது. நுனி மெலிந்த இடுக்கியால் கண்ணாடியை ஒட்டிய பகுதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுக்கிக்கு அப்பால் உள்ள பகுதியை மட்டும் வளைக்க வேண்டும். பற்றவைக்கும்போதும் அதே இடத்தில் இடுக்கியை வைத்துப் பிடித்தால் சூடு கண்ணாடிக்கு ஏறுவதற்குள் இடுக்கி அதை இழுத்துக்கொள்ளும். கம்பிகளைச் சம நீளத்தில் வெட்டாமல், ஒன்றைவிட மற்றொன்று சிறிது குட்டையாக, சுருள் படிக்கட்டு போல வெட்டினால் 13 கம்பிகளையும் ஒரே சமயத்தில் துளைகளுக்குள் நுழைக்கும் சிரமம் இருக்காது. முதல் கம்பி நுழைந்த பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று வரிசையாகப் போகும். எவ்வளவு நீளம் தேவை என்று முடிவாகத் தெரியும்வரை வெட்டாமல் விடுவதே மேல். வெட்டிய கம்பி வளராது.

எந்தக் கால் எந்த இலக்கம் என்பதை விவரத் தாளிலிருந்து எடுக்கும்போது படம் எந்தப் பக்கத்திலிருந்து வரையப்பட்டது என்று பார்க்க வேண்டும். வால்வுகளுக்கும் நிக்ஸி குழாய்களுக்கும் கால்களை அடியிலிருந்து பார்ப்பதுபோல் வரைவதே பொது மரபு. போர்டை வடிவமைப்பவரோ மேலிருந்து பார்க்கிறார். இதைக் கவனிக்காமல் வரைந்தால் வட்டம் முழுவதும் கண்ணாடியில் தெரியும் பிம்பமாக இடம் வலம் மாறிவிடும். இலக்கங்கள் மட்டும் இடம் மாறியிருந்தால் நிரலில் திருத்திக்கொள்ளலாம். ஆனோடு இடம் மாறியிருந்தால் போர்டையே புதிதாகச் செய்ய வேண்டியதுதான். விவரத் தாளே கிடைக்காத குழாய்க்கு ஒரு சோதனை உண்டு. சுமார் 180 வோல்ட் நேர்மின்சாரத்தை ஒரு 100 கிலோ ஓம் மின்தடை வழியே கொடுத்து, ஒரு காலை நேர்முனையிலும் மற்றவற்றை ஒவ்வொன்றாக எதிர்முனையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். நேர்முனையில் இருப்பது உண்மையான ஆனோடாக இருந்தால், எதிர்முனை தொடும் ஒவ்வொரு காலுக்கும் ஓர் இலக்கம் தெளிவாக ஒளிரும். தலைகீழாக இணைத்துவிட்டால் முன்னால் உள்ள வலை முழுவதும் ஆரஞ்சாக எரியும். அதைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும். மின்தடை மின்னோட்டத்தை மிகக் குறைவாக வைத்திருப்பதால் நொடிப்பொழுதில் குழாய்க்குக் கேடு வராது. தொடுபவரின் கைக்குத்தான் காப்பு தேவை: ஒரு கையை மேசைக்கு அப்பால் வைத்துக்கொண்டு, காப்பிடப்பட்ட முனைகளால் மட்டும் தொட வேண்டும்.

அடுத்து, சாக்கெட்டைத் திருத்துவது. பழைய சாக்கெட்டோ புதியதோ, எல்லாக் கவ்விகளும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு காலுக்கும் 100 கிராம் விசை தேவை என்று வைத்துக்கொண்டால், 13 கால்களுக்கு 1.3 கிலோ விசை. அது முழுவதும் கண்ணாடியின் மேலிருந்து அழுத்துபவரின் விரல் வழியே போகிறது. ஒரு கவ்வி மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு இறுகியிருந்தால் குழாய் சாய்ந்து இறங்கும், அந்தச் சாய்வு ஒரே காலை நெம்பும். எனவே குழாயைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு துளையையும் தனியாகச் சோதிக்க வேண்டும். குழாய்க் காலின் அதே தடிமனுள்ள, மழுங்கிய நுனி கொண்ட எஃகுக் கம்பி இதற்குப் போதும். டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கம் நல்ல அளவுகோல். அதை ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுத்தால் கைக்கே வேறுபாடு புரியும். சாக்கெட்டைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது கம்பி தானாக விழுந்தால் அந்தக் கவ்வி தளர்ந்திருக்கிறது. இழுக்கும்போது சாக்கெட்டே கூட வந்தால் மிக இறுக்கம்.

தளர்ந்த கவ்வியைத் தைக்கும் ஊசியால் சரிசெய்யலாம். ஊசியைத் துளைக்குள் விடாமல், கவ்விக்கும் பிளாஸ்டிக் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியில் விட்டு இலையை நடுப்பக்கமாக மெல்ல நெருக்க வேண்டும். இரண்டு இலைகளையும் சமமாக நெருக்கினால்தான் துளையின் மையம் மாறாது. இறுகிய கவ்விக்கு, அதே எஃகுக் கம்பியைப் பலமுறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் பதமாகிவிடும். அதற்கும் இளகாவிட்டால் சற்றே தடித்த கம்பியைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரே தடவையில் பெரிய அளவுக்குத் தாவக் கூடாது. வில் தகடு தன் மீள்திறனை இழந்தால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கடைந்தெடுத்த குழல் கவ்விகளில் வெளியிலிருந்து திருத்த வழியில்லை. தளர்ந்ததைக் கழற்றிப் புதியது வைக்க வேண்டியதுதான்.

நல்ல சாக்கெட்டில் கவ்விகள் தங்கள் கூட்டுக்குள் சிறிது ஆடும். அது குறையல்ல, வேண்டுமென்றே விட்ட ஆட்டம். கால்கள் ஒன்றிரண்டு சரியாக நேராக இல்லாவிட்டாலும் கவ்வி நகர்ந்து இடம் கொடுக்கும். இந்த ஆட்டத்தைப் பாழாக்குவது பெரும்பாலும் பற்றவைப்புதான். கவ்விகள் சாய்ந்திருக்கும் நிலையிலேயே ஈயம் உறைந்துவிட்டால், பிறகு 13 கால்களும் 13 திசைகளில் இழுபடும். ரேடியோ காலத்தில் இதற்குத் தனிக் கருவியே இருந்தது: வால்வின் கால்களைப் போன்ற உலோகக் கால்கள் கொண்ட பொய் அடிப்பாகம். அதைச் சாக்கெட்டில் செருகிய பிறகுதான் கம்பி இணைப்பார்கள். நிக்ஸி சாக்கெட்டுக்கும் அப்படி ஒன்றைச் செய்துகொள்ளலாம். அதே துளை வட்டம் உள்ள ஒரு சிறு போர்டில் சரியான தடிமனுள்ள பித்தளைக் கம்பிகளைப் பதித்தால் போதும். செத்துப்போன குழாய் ஒன்று கையில் இருந்தால் அதுவும் இதற்கு உதவும். நல்ல குழாயை ஒருபோதும் இந்த வேலைக்கு வைக்கக் கூடாது, சூடும் இழுப்பும் இரண்டும் அதன் காலில்தான் ஏறும். போர்டில் அல்லாமல் கம்பிகளால் இணைப்பதாக இருந்தால் விறைத்த ஒற்றைக் கம்பியைவிடப் பல இழை நெகிழ் கம்பியே நல்லது. கவ்வியின் ஆட்டம் அதில் பிழைத்திருக்கும்.

கடிகாரத்தில் நான்கோ ஆறோ குழாய்கள் வரிசையாக நிற்கும்போது இன்னொரு சிக்கல் தெரியவரும். கண்ணாடி நேராக நிற்கிறது, உள்ளே இருக்கும் இலக்கம் சாய்ந்திருக்கிறது. இலக்க அடுக்கைக் கண்ணாடிக்குள் வைத்து மூடியபோது நேர்ந்த சிறு திருகல் அது, குழாய்க்குக் குழாய் வேறுபடும். எனவே கண்ணாடியைப் பார்த்துச் சாக்கெட்டை நிறுத்தக் கூடாது, எரியும் இலக்கத்தைப் பார்த்தே நிறுத்த வேண்டும். எல்லாக் குழாய்களிலும் 1-ஐ ஒளிரவைத்தால் செங்குத்துச் சாய்வு உடனே கண்ணில் படும். 7-ஐ ஒளிரவைத்தால் அதன் மேல்கோடுகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தெரியும். சாக்கெட்டைப் போர்டில் திருகாணியால் பொருத்துவதானால் திருகாணித் துளையை வட்டமாக விடாமல் நீள்வட்டமாக அராவி வைத்தால் ஓரிரு டிகிரி திருப்ப இடம் கிடைக்கும். திருப்புவதும் தாங்கல் தகடு வைப்பதும் சாக்கெட்டின் உடலில்தான் நடக்க வேண்டும். செருகிய குழாயைக் கையால் முறுக்கி நேராக்குவது கால்களை வேரோடு முறுக்குவதாகும்.

மின்கசிவுக்கு வருவோம். ஒளிராத இலக்கங்கள் சும்மா கிடப்பதில்லை. இலக்கங்களை இயக்கும் 74141 சிப்போ, அதன் சோவியத் இணையான கே155ஐடி1 சிப்போ ஓர் இலக்கத்தைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கும்போது, மற்ற இலக்கங்கள் சுமார் 60 வோல்ட்டை ஒட்டி நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கவ்விகளுக்கு இடையே அழுக்குப் படலம் இருந்து அதன் மின்தடை 1 மெகா ஓமாகக் குறைந்தால், 60 மைக்ரோ ஆம்பியர் வரை கசியும். வாயு ஒளிர்வுக்கு அது போதும். எரிய வேண்டிய 3-க்குப் பின்னால் இன்னோர் இலக்கம் பேய் போல மங்கலாகத் தெரியும். பென்னாகரம் வட்டாரத்தில் ஆடிக் காற்றோடு செம்மண் தூசி எல்லா இடுக்குகளிலும் புகும். ஐப்பசி மழையில் அந்தத் தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தூசியும் ஈரமும் தனித்தனியாகச் செய்யாததைச் சேர்ந்து செய்யும். பழைய பேக்கலைட் தானே சிறிது ஈரம் இழுக்கக்கூடியது. விளிம்பு உடைந்த அல்லது மேற்பூச்சு வெளுத்த பேக்கலைட் சாக்கெட்டை ஈரக் காற்றுள்ள இடத்தில் தவிர்ப்பதே நல்லது. பீங்கானும் டெஃப்லானும் ஈரம் இழுக்காதவை.

சந்தேகமான சாக்கெட்டை, சர்க்யூட்டிலிருந்து முற்றிலும் விடுவித்து, குழாயையும் எடுத்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரால் அடுத்தடுத்த கவ்விகளுக்கு இடையே சோதிக்கலாம். 100 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் கவலையில்லை. குறைவாகக் காட்டினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சிறு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும். பற்றவைத்தபின் சுரண்டாமல் விட்ட ஃபிளக்ஸ் எச்சமும் இதே கசிவைத் தரும், அதற்கும் இதே கழுவல்தான். எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும் ஸ்பிரேக்கள் அந்த நேரத்துக்குத் தொடர்பைச் சீராக்கினாலும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவ்வியில் கருத்திருக்கும் வெள்ளிப் பூச்சை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, பூச்சே போய்விடும். குழாய்க் கால்களின் மங்கலை மாணவர் பயன்படுத்தும் ரப்பரால் துடைத்தாலே போதும்.

குறை வந்தபின் அது சாக்கெட்டிலா குழாயிலா என்று பிரித்தறிவது கடினமில்லை. ஓர் இலக்கத்தின் ஒரு பகுதி மட்டும் இருண்டு, மீதி நன்றாக எரிந்தால் அது கேத்தோடு நஞ்சேற்றம். நீண்ட காலம் எரியாமலே இருந்த இலக்கத்தின் மேல், அடிக்கடி எரிந்த இலக்கங்களிலிருந்து சிதறிய உலோகத் துகள் படிந்திருக்கிறது. அந்த இலக்கத்தைச் சிறிது நேரம் தொடர்ந்து எரியவிட்டால் தெளியலாம். சாக்கெட்டுக்கு அதில் பங்கில்லை. ஓர் இலக்கம் முழுவதுமாக எரியாமல் போனாலோ, மேசையைத் தட்டினால் எரிந்து அணைந்தாலோ, அந்த இலக்கத்தின் கவ்வியைப் பார்க்க வேண்டும். அந்த இலக்கத்தின் முறை வரும்போது மட்டும் எல்லா இலக்கங்களும் ஒன்றாகக் குழம்பி மங்கலாக ஒளிர்ந்தால், அதுவும் பெரும்பாலும் சாக்கெட்டின் குறையே. மின்னோட்டம் போக வேண்டிய கேத்தோடு துண்டிக்கப்பட்டிருப்பதால், குழாயின் உள் மின்னழுத்தம் ஏறி, கிடைத்த மற்ற இலக்கங்கள் வழியே சிறிது சிறிதாகக் கசிகிறது. சிப் எரிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் நல்ல சிப்பை மாற்றுவது இந்த அறிகுறியைக் கண்டுதான். முதலில் அந்தக் கவ்வியை இறுக்கிப் பார்த்துவிட்டுச் சிப்பைத் தொடலாம். குழாய் அடியோடு எரியவில்லையென்றால் ஆனோடின் கவ்வியும், அதற்கு முன்னுள்ள மின்தடையும் சந்தேகத்துக்குரியவை. 180 வோல்ட் வழங்கியில், 140 வோல்ட்டில் நிலைபெறும் குழாய்க்கு 2.5 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் எஞ்சிய 40 வோல்ட்டை 16 கிலோ ஓம் தாங்கும். ஒவ்வொரு குழாய்க்கும் இந்த மின்தடை தனித்தனியாக இருக்க வேண்டும்.

இந்த உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஏற்றும் சிறு சர்க்யூட்டால் பெறுவதே பாதுகாப்பு. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே திருத்தினால் உச்சம் 325 வோல்ட்டைத் தொடும், சாக்கெட்டின் ஒவ்வொரு கவ்வியும் வீட்டு லைனோடு இணைந்ததாகிவிடும். அப்படிச் செய்யக் கூடாது. ஏற்றும் சர்க்யூட்டிலும் கெப்பாசிட்டர் உண்டு. 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 1 மெகா ஓம் மின்தடையைப் போட்டு வைத்தால், அடாப்டரை எடுத்த பிறகு அரை நிமிடத்துக்குள் மின்னேற்றம் வடிந்துவிடும். அதற்குப் பிறகே குழாயைக் கழற்ற வேண்டும்.

கழற்றும்போது குழாயைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுவதுதான் கைக்கு முதலில் வருவது. அப்படி ஆட்டும் ஒவ்வொரு முறையும் ஓரக் கால்கள் கண்ணாடியில் நெம்புகோலாக வேலை செய்கின்றன. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளைக் குழாயின் அடிக்கும் சாக்கெட்டுக்கும் இடையே எதிரெதிர்ப் பக்கங்களில் செருகி, சிறிது சிறிதாகச் சமமாக உயர்த்தினால் குழாய் நேர்மேலாக வெளிவரும். கழற்றிய குழாயின் கால்கள் வளைந்திருந்தால், அவற்றை அதே துளை வட்டம் உள்ள ஒரு வெற்றுப் போர்டின் துளைகளில் ஒப்பிட்டுப் பார்த்து, இடுக்கியால் நுனிப் பக்கத்தை மட்டும் நிமிர்த்த வேண்டும். எந்தச் சாக்கெட்டில் எந்தக் குழாய் இருந்தது என்று குறித்து வைத்தால், திருப்பி மாட்டும்போது இலக்கங்களை மறுபடி நேராக்கும் வேலை மிச்சம்.